கமருன்னிஸாவின் இத்தா வீடு

முத்துப்பேட்டையில் விசிட் விசாவில் புருஷனிடம் போகப்போகிற பெண் யாராவது இருந்தால், இன்றைக்கும் அவளைக் கமருன்னிஸா அக்காவிடம்தான் அனுப்பிவைக்கிறார்கள். “அவங்க பல தடவை கிஷ் போயிட்டு வந்தவங்க, எல்லாம் தெரியும்” என்று சொல்லி அனுப்புவார்கள். அக்கா டீ கொடுத்து, இறால் வாடா கொடுத்து, வந்தவள் கேட்பதையெல்லாம் பொறுமையாகக் கேட்பார். கடைசியில், “எனக்கு ஒண்ணும் வெளங்குனது இல்லம்மா. போகச் சொன்னாங்க, போனேன். வரச் சொன்னாங்க, வந்தேன்” என்பார். வந்தவள் திருதிருவென்று விழிப்பாள். பக்கத்தில் நான் இருந்தால் எனக்கு எரிச்சலும் வரும், சிரிப்பும் வரும். ஏனென்றால் அவர் சொல்வது சத்தியம்.

நான் பேராவூரணிக்காரி. தென்னந்தோப்புக்கு நடுவே பிறந்து, கணக்கில் பட்டம் வாங்கி, துபாயில் கட்டட வரைபடம் போடும் ராஜசேகருக்கு வாழ்க்கைப்பட்டவள். என் ஊருக்கும் அக்கா ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு தூக்கம் முழுசாகப் போட முடியாது. ஆனால் நாங்கள் முதன்முதலில் பார்த்துக்கொண்டது ஈரான் நாட்டுத் தீவு ஒன்றில், லாட்ஜ் அறையில், அடுக்குக் கட்டிலின் மேலும் கீழுமாக. சுனாமிக்கு அடுத்த வருஷம் அது.

அந்தத் தீவுதான் கிஷ். அங்கே போய் இறங்க முன்கூட்டி விசா வாங்க வேண்டியதில்லை. துபாய், ஷார்ஜா பக்கத்தில் விசிட் விசாவில் இருந்தவர்கள், அது முடிந்ததும் நாட்டைவிட்டு வெளியேறி, புது விசா வரும்வரை அங்கே காத்துக் கிடப்பார்கள். குட்டி விமானத்தில் ஏறினால், அடைத்த காது திறப்பதற்குள் தீவு வந்துவிடும். சம்பளம் கூடுதலாக உள்ளவன் மனைவிக்குக் குடும்ப விசா எடுப்பான். குறைந்த சம்பளக்காரன் விசிட் விசாதான் எடுக்க முடியும். என் கணவர் அப்போது கம்பெனி மாறிக்கொண்டிருந்தார். அவர் விசாவே அந்தரத்தில் தொங்க, நானும் அதோடு தொங்கினேன்.

ஒரு அறைக்குப் பத்துப் பதினைந்து பெண்கள். ஃபிலிப்பைன்காரிகள், பாகிஸ்தான்காரிகள், கேரளத்துக்காரிகள். அவர்களுக்கு நடுவே மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, நான் போனில் என் அம்மாவோடு சண்டை போடுவதைக் கேட்டுவிட்டு, “எந்த ஊரும்மா?” என்றார். பேராவூரணி என்றதும் மூட்டையை அவிழ்த்து எனக்கு ஒரு அச்சு முறுக்கு கொடுத்தார். அன்றிலிருந்து தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் என்னைக் கேள்வி கேட்டே கொன்றார்.

“ஏன் பூமிகா, நான் அங்க இருக்கக் கூடாதுன்னுதானே வெளிய அனுப்புறாங்க?”

“இல்லக்கா. இருக்கவேண்டிய நாள் முடிஞ்சுபோச்சு.”

“அப்ப திரும்ப விட மாட்டாங்களா?”

“விடுவாங்க.”

“விடுறதா இருந்தா அங்கயே இருந்துக்கன்னு சொல்லிட வேண்டியதுதானே? எதுக்கு ஏரோப்ளேன்ல ஏத்தி எறக்குறது?”

கணக்குப் பட்டம் கைகொடுக்கவில்லை. “நம்ம ஊர்ல முறை வச்சு வாய்க்கால்ல தண்ணி விடுறாங்கல்ல, அது மாதிரிக்கா. அடைச்சிட்டுத் தொறக்கணும்” என்றேன்.

“அது தண்ணி பத்தலன்னு அடைக்கிறாங்க. இவங்களுக்கு எது பத்தல?”

நான் மேல்கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டேன். கீழேயிருந்து அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது கேட்டது. கடலைப் பற்றியும் அவருக்கு ஒரு குறை. காலையில் கடற்கரைக்கு அழைத்துப்போனால், மூக்கைச் சுருக்கி, “என்ன கடல் இது, மீன் வாடையே இல்ல. நம்ம அலையாத்திக்காட்டுப் பக்கம் போனா மூக்கே சொல்லிடும் கடல் வந்துருச்சுன்னு” என்பார்.

அவர் கதையை அந்தக் காத்திருப்பில்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டேன். கணவர் பெயர் பக்கீர் முகம்மது. ஷார்ஜாவில் துணிக்கடை விற்பனையாளர். கல்யாணம் முடிந்த சூட்டோடு விமானம் ஏறியவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், மணம் மாறாத சோப்பும் சென்ட்டுமாக. பெட்டி காலியாவதற்குள் திரும்பிப் போய்விடுவார். மகள் பர்வின் பிறந்தாள், மகன் தௌபீக் பிறந்தான். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. மகன் முத்துப்பேட்டையில் செல்போன் கடை வைத்துவிட்டான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலான தாம்பத்தியம். சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு, மூன்று வருஷம் தேறும்.

அந்த நாட்களிலும் அவர் முழுசாகப் புருஷனாக இல்லை என்பது அக்காவின் குறை. அந்தப் பக்கத்துக் கடலோர ஊர்களில் பல குடும்பங்களில் வீடு பெண்ணுக்குத்தான். தகப்பன் கட்டிக் கொடுப்பார், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். பக்கீர் பாயும் அப்படி வந்தவர்தான். வந்திருக்கும்போதெல்லாம் மாப்பிள்ளைக்கு உரிய உபசாரம்: தனி அறை, தனித் தட்டு, கறியில் நல்ல துண்டு.

“அவங்க இருக்குற மட்டும் வீட்டுல எல்லார் கொரலும் தாழ்ந்துரும் பூமிகா. எங்க வாப்பாகூட மெதுவாத்தான் பேசுவாரு. சோறு பத்துதா, தண்ணி வேணுமான்னு கேக்க எனக்கே கூச்சமா இருக்கும். விருந்தாளிகிட்ட எப்படிச் சண்டை போடுறது?”

பாய்க்குச் சர்க்கரை வந்து, அப்புறம் ஒருமுறை நெஞ்சுவலியும் வந்தபோது, அக்கா யாரையும் கேட்காமல், “நான் வரேன், விசா போடுங்க” என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் ஷார்ஜா. நாகப்பட்டினத்துக் காயாரோகணம், மரப் படகு பழுது பார்க்கும் இடத்தில் வேலை செய்பவர், மனைவி கமலவல்லியோடு ஒரு ஃபிளாட் எடுத்திருந்தார். அதன் ஹாலைப் பிளைவுட் பலகையால் தடுத்து ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு மின்அடுப்பு, சுவரில் மாட்டிய துணிகள். எழுந்து நின்றால் இரண்டு பேர் ஒருவரையொருவர் உரசாமல் திரும்ப முடியாது. அந்த அறையைப் பற்றிப் பேசும்போது அக்காவின் முகம் மாறிவிடும். அரண்மனையைப் பற்றிப் பேசுகிறாரோ என்று முதலில் நான் நினைத்தேன்.

“அங்கதான் எங்களுக்கு மொத மொத சண்டை வந்துச்சு” என்றார் ஒருநாள்.

“எதுக்கு?”

“உப்புக்கு. அவங்களுக்குப் பிரஷர், நான் உப்பைக் கொறச்சுட்டேன். இதெல்லாம் ஒரு கொழம்பான்னு தட்டத் தள்ளுனாங்க. நான் பதிலுக்குப் பேசிட்டேன். ரெண்டு நாள் பேச்சு வார்த்த இல்ல.” கொஞ்சம் நிறுத்தி, வெட்கப்பட்டுச் சிரித்தார். “எனக்கு அவ்வளவு சந்தோஷம்.”

இப்படி இரண்டு வருஷம். விசா முடிய முடியக் கிஷ் போவார், அங்கே கொஞ்ச நாள் விழித்துக்கொண்டிருப்பார், பாய் விண்ணப்பித்த புது விசா ஃபேக்ஸில் வரும், திரும்பிப் போவார். நான் பார்த்தது அவருடைய கடைசித் தடவை.

அன்று வெள்ளிக்கிழமை. ராஜசேகர் கூப்பிட்டார். “பூமி, அந்த முத்துப்பேட்டை அம்மா பக்கத்துல இருக்காங்களா? கொஞ்சம் தள்ளி வா” என்றார். படிக்கட்டுப் பக்கம் போனேன். காயாரோகணம் எப்படியோ அவர் நம்பரைப் பிடித்துப் பேசியிருக்கிறார். காலையில் குளித்துவிட்டு வந்த பக்கீர் பாய் கட்டிலில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

“இப்பச் சொல்லாத. விசா வந்து இங்க வந்ததும் பக்குவமாச் சொல்லிக்கலாம்” என்றார் ராஜசேகர்.

“விசா போட்டவரே போயிட்டாரு, அப்புறம் விசா எங்கேருந்து வரும்?” என்று கத்தினேன். பக்குவம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஆகாது. ஒருத்தி புருஷன் போன சேதியை ஊரெல்லாம் தெரிந்துகொண்டு அவளிடம் மட்டும் சிரித்துப் பேசுவதற்குப் பெயரா பக்குவம்? நேராகப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

அக்கா அழவில்லை. ‘இன்னாலில்லாஹி’ என்று உதடு மட்டும் அசைந்தது. பிறகு என்னிடம் கேட்டார்: “பூமிகா, இப்ப நான் எங்க இருக்கணும்?”

அதிர்ச்சியில் பிதற்றுகிறார் என்று நினைத்தேன். “இங்கதான் இருக்கீங்கக்கா, என்கூடத்தான் இருக்கீங்க” என்றேன்.

“அது இல்ல. இத்தா. நான் எந்த வீட்டுல இத்தா இருக்கணும்?”

எனக்கு அன்றைக்கு அந்த வார்த்தையே புதிது. புருஷன் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும். நகை, பூ, அலங்காரம் கூடாது. அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. அவசியம் இல்லாமல் வாசல் தாண்டக்கூடாது. அதுவும் எந்த வீட்டில்? புருஷன் இறந்தபோது அவனோடு எந்த வீட்டில் குடித்தனம் இருந்தாளோ அந்த வீட்டில். இதை அக்காவே எனக்கு நிதானமாக விளக்கினார், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. சொல்லி முடித்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். அடுக்குக் கட்டில்கள், காயும் துணிகள், ரேடியோ, நடுவில் நெயில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி. அப்போதுதான் அழுதார்.

நெயில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அந்த ஃபிலிப்பைன்காரிதான் முதலில் எழுந்தாள். என்ன ஏது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் படுக்கை விரிப்பை உருவி, அக்காவின் கீழ்க்கட்டிலைச் சுற்றித் திரையாகக் கட்டினாள். வெள்ளை உடுப்பு வேண்டும் என்றார் அக்கா. என்னிடம் ஒரு வெள்ளைச் சுடிதார் இருந்தது, ஆனால் கழுத்தோரம் ஊதா நூலில் பூவேலை. அக்கா அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். தையல் வெளியே, பூ உள்ளே.

முத்துப்பேட்டையிலிருந்து தௌபீக் ஒப்புதல் அனுப்பி, மறுநாளே பாயை ஷார்ஜாவில் அடக்கம் செய்துவிட்டார்கள். விசா வரும்வரை மய்யித்தை யார் வைத்துக்கொண்டிருப்பார்கள்? “மொகத்தப் பாக்கலையே” என்று அக்கா திரைக்குள்ளிருந்து ஒரே ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் எங்கள் எல்லாருக்கும் விசாதான் பேச்சு. அடக்கம் எப்படி நடந்தது, யார் யார் வந்தார்கள் என்றுகூட ஒருத்தரும் விசாரிக்கவில்லை. விசா வருமா, வராதா, வந்தால் செல்லுமா, வராவிட்டால் இந்தத் தீவில் எத்தனை நாள் விடுவார்கள்? ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஸ்பான்சர் இறந்தால் விசா இல்லை என்றாள் ஒருத்தி. மனுப் போட்ட தேதிதான் கணக்கு என்றாள் இன்னொருத்தி. லாட்ஜ் மேனேஜரம்மா இரண்டு கையையும் விரித்தாள். அந்த ஊருக்குத் தகுந்த பதில் அதுதான்.

அக்காவின் வற்புறுத்தலால் முத்துப்பேட்டைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். திரைக்கு வெளியே நின்ற எனக்கு இரண்டு பக்கமும் கேட்டது.

“நீ எந்த வீட்டுலேருந்தும்மா கெளம்பிப் போன?” என்றார் ஹஜ்ரத்.

“ஷார்ஜாலேருந்து ஹஜ்ரத்.”

“அப்ப அந்த வீட்டுக்குத்தான் திரும்பணும்.”

“அதுக்கு விசா வரணுமே.”

“வரலன்னா நிர்ப்பந்தம். ஊருக்கு வந்து உங்க வீட்டுல இருந்துக்கலாம். அல்லாஹ் ஏத்துக்குவான்.”

“ஒருவேள அவங்க போட்ட விசா வந்துச்சுன்னா? மவுத்தானவங்க பேர்ல வர்ற விசாவுல போறது கூடுமா?”

“விசாவைப் பத்தி எந்தக் கிதாபுலயும் நான் பாத்ததில்லையேம்மா” என்றார் பாவம் அந்த மனுஷர். பிறகு, “பொய் மட்டும் சொல்லாத. இத்தாவுல இருக்குறவ. விசா பாக்குறவங்களாக் கேக்காத வரைக்கும் நீயாச் சொல்லவும் வேணாம்” என்றார்.

தௌபீக்குக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. கெட்டிக்காரப் பிள்ளை; மூன்று வேளையும் கூப்பிட்டான். “உம்மா, அது வீடாம்மா? பலகைத் தடுப்பு. இங்க சொந்த வீடு இருக்கு, நான் இருக்கேன், பர்வின் வந்துருக்கா. கிஷ்லேருந்து துபாய், துபாய்லேருந்து சென்னை, டிக்கெட் போட்டுடுறேன். வெளிய போக வேணாம், டிரான்சிட்லயே மாறிடலாம்” என்றான். நியாயம்தான். அவனிடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அக்காவிடம் நான் சொன்னதும் அதைத்தான். அக்கா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “விசா வரலன்னா அங்கதான்” என்று மட்டும் சொன்னார். விசா வரக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். வந்தால் இன்னும் குழப்பம்.

வந்துவிட்டது. தினமும் பகலில் மேனேஜரம்மா வரவேற்பறையில் நின்று, ஃபேக்ஸில் வந்த பெயர்களை உரக்கப் படிப்பாள். அன்று என் பெயரைப் படித்தாள். நான் குதித்தேன். அடுத்தது, “கமருன்னிஸா பக்கீர் முகம்மது.” கூட்டத்தில் இருந்த எங்கள் அறைப் பெண்கள் கை தட்டப் போனவர்கள், பாதியில் கையைக் கீழே போட்டுவிட்டார்கள். அவர் இறப்பதற்கு முன்னால் போட்ட மனு. ஸ்பான்சர்: கணவர். காகிதம் அச்சுப்பிசகாமல் இருந்தது. அதில் இருந்த மனிதர்தான் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. மகிழ்ச்சியோடு கொடுப்பதா, துக்கத்தோடு கொடுப்பதா? கடைசியில் திரைக்குள் கையை மட்டும் நீட்டிக் கொடுத்தேன்.

“அவங்க அனுப்பிட்டாங்க” என்றார் அக்கா. அவ்வளவுதான்.

இருவரும் ஒரே விமானத்தில் கிளம்பினோம். என் கைப்பையில் தௌபீக் போட்ட சென்னை டிக்கெட்டும் இருந்தது. அக்கா கறுப்புப் புர்காவுக்குள் கண் மட்டும் தெரிய, ஜன்னல் பக்கமாகத் திரும்பியே உட்கார்ந்திருந்தார். துபாயில் இறங்கினோம். கொஞ்ச தூரம் எல்லாரும் ஒன்றாக நடந்த பிறகு, வழி இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் டிரான்சிட், அதாவது சென்னை, முத்துப்பேட்டை, சொந்த வீடு. இடது பக்கம் விசா சோதிக்கும் வரிசை.

சரியாக அந்த நேரத்தில் தௌபீக் என் செல்லில் கூப்பிட்டான். “அக்கா, உம்மாவ டிரான்சிட் பக்கம் கொண்டு விட்டுட்டீங்களா? யாராவது ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சிடுங்க.”

“இதோ இருக்காங்க, நீயே பேசு” என்று செல்லை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. இரண்டு அம்புக்குறிப் பலகைகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியாத கோபம்.

“ஏதோ ஒண்ணு சொல்லித் தொலைங்கக்கா. எந்தப் பக்கம்?”

“அவங்க அனுப்புனது எந்தப் பக்கத்துக்கு?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் இடது பக்கம் நடந்தார்.

வரிசையில் எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை அங்கி போட்ட இளம் அதிகாரி. காகிதத்தைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார். முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தும்விட்டார். ஏதோ போகிறபோக்கில், இந்தியில், பக்கீர் முகம்மது வெளியே காத்திருக்கிறாரா என்று கேட்டார். ஆமாம் என்ற சொல் என் நாக்கு நுனியில் நின்றது. அதற்குள், புருஷன் பெயர் காதில் விழுந்த அக்கா, “மவுத்” என்றார்.

அரபிக்காரருக்குப் புரியாத சொல்லா அது? கட்டையைக் கீழே வைத்தார். அக்காவைப் பார்த்தார், காகிதத்தில் இருந்த கணவர் பெயரைப் பார்த்தார், மறுபடி அக்காவைப் பார்த்தார். பக்கத்துக் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டார். இருவரும் சேர்ந்து குழம்பினார்கள். எங்களை ஒரு உள்ளறைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே நரைத்த தாடி வைத்த பெரிய அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்துவிட்டது. நான் வெளியே போயிருக்கலாம். போகவில்லை. அக்காவுக்குத் தமிழ் தவிர வேறு பாஷை இல்லை.

“இறந்தவரின் பேரில் ஏன் வந்தீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

“இத்தா இருக்க” என்றார் அக்கா. அதையும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊரில் யார் இருக்கிறார்கள், சொந்த வீடு உண்டா, மகன் இருக்கிறானா என்று வரிசையாகக் கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் உண்டு, உண்டு என்றேன். சொல்லச் சொல்ல எங்கள் வழக்கை நானே கெடுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

“பெரிய வீடு, பிள்ளைகள், சொந்தம் எல்லாம் அங்கே. இங்கே ஒரு கட்டில். பிறகு ஏன் இங்கே?” என்றார் அவர்.

நான் அக்காவுக்குச் சொன்னேன். அக்கா தரையைப் பார்த்தபடியே பேசினார். அவ்வளவு நாளும் கேள்வி மட்டுமே கேட்டவர், முதல்முறையாகப் பதில் சொன்னார்.

“ஊர்ல இருக்குறது என் வீடு. அங்க அவங்க விருந்தாளி. அவங்களும் நானும் புருஷன் பொண்டாட்டியாக் குடித்தனம் பண்ணது ஷார்ஜால அந்த ஒரு ரூம்லதான். அவங்களுக்காக இருக்குற இத்தாவ அங்க இருந்தாத்தான் எனக்கு மனசு கேக்கும். சொல்லு பூமிகா.”

இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? விருந்தாளியாக வந்த புருஷன் என்றால் அவருக்கு என்ன புரியும்? தட்டுத்தடுமாறி ஏதோ சொன்னேன். நடுவில் இருவரும் அழுதுவிட்டோம். பெரியவர், “இந்த விசா அவ்வளவு நாளைக்கு வராது. பாதியில் முடிந்துவிடும்” என்றார். அதையும் அக்காவுக்குச் சொன்னேன்.

“குடுக்குற மட்டும் இருந்துக்கறேன்னு சொல்லு” என்றார் அக்கா.

அவர் அரபியில் ஏதோ முணுமுணுத்தார். துஆ ஓதினாரா, அலுத்துக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. என் ஆங்கிலம் அவருக்குப் புரிந்ததா, இல்லை அழுகிற இரண்டு பெண்களை அறையைவிட்டு அனுப்பினால் போதும் என்று நினைத்தாரா, அதுவும் தெரியாது. மேஜை டிராயரைத் திறந்து, முத்திரையை எடுத்து, ஓங்கிக் குத்தினார். அந்தச் சத்தத்தில் நான் துள்ளிவிட்டேன்.

ஷார்ஜா அறைக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். கமலவல்லி கதவைத் திறந்து அக்காவைக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு என்னால் அடிக்கடி போக முடியவில்லை, போனபோது பார்த்தேன். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கத்துக் காயாரோகணம், வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே ஒருமுறை செருமுவார். அக்கா கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான், தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வருவார். தன் வீட்டுக்குள்ளேயே அந்த மனிதர் திருடனைப் போல நடந்தார். மீன் வாடை அக்காவுக்கு எட்டக்கூடாது என்று கமலவல்லி மீன் சமைப்பதையே நிறுத்திவிட்டார். அப்படி ஒரு விதி உண்டென்று அவருக்கு யார் சொன்னார்களோ! அக்கா திரும்பத் திரும்பக் கெஞ்சி, சமைக்க வைத்தார்.

அதிகாரி சொன்னபடியே விசா பாதியில் முடிந்தது. மறுபடி கிஷ் போக அக்கா ஒப்பவில்லை. விசா போட்டுத்தர ஆளும் இல்லை. தௌபீக் டிக்கெட் போட்டான். அக்கா அறையைக் கூட்டித் துடைத்து, சாவியைக் கமலவல்லியிடம் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தார். மீதி இத்தாவை முத்துப்பேட்டை வீட்டில் இருந்து முடித்தார்.

இத்தா முடிந்த சமயம் நானும் பிரசவத்துக்காக ஊருக்கு வந்திருந்தேன். சம்பா நடவு நேரம். மழையில் நனைந்துகொண்டே பார்க்கப் போனேன். அப்போதுதான் அந்த வீட்டை முதன்முதலாகப் பார்த்தேன். அகலமான கூடம், உயரமான கதவுகள், மாடியில் யாருமில்லாத இரண்டு அறைகள். எங்கள் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பழைய பழக்கம் மாறாமல் அக்கா, “ஏன் பூமிகா, பாதி அங்க, பாதி இங்க. என் இத்தா ஒரு இத்தாதானா, ரெண்டா?” என்றார். ஹஜ்ரத்தைக் கேளுங்க என்றேன். “கேட்டேன். அவரும் கிதாபைப் பொரட்டிக்கிட்டுத்தான் இருக்காரு” என்றார்.

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் வீடு மறுபடி அமைதியாகிவிட்டது. எனக்கு என்னவோ போல் இருந்தது.

“அங்கேயாவது கமலவல்லி அக்கா இருந்தாங்க, பக்கத்துல பேச்சுச் சத்தம் இருந்துச்சு. தௌபீக்கும் பகலெல்லாம் கடைக்குப் போயிடுறான். இவ்வளவு பெரிய வீட்டுல தனியா இருந்தது கஷ்டமா இல்லையாக்கா?”

அக்கா என்னை வியப்பாகப் பார்த்தார். இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போன்ற பார்வை.

“இங்க என்ன கஷ்டம்? அவங்க உசுரோட இருக்கும்போதே இந்த வீட்டுல நான் இத்தா இருந்தவதானே” என்றார்.